மறு: ‘தன்னழிவு’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

செல் தன் உட்பொருள்களையே உடைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் ஆட்டோஃபேஜிக்கு முன்வைக்கப்பட்டுள்ள ‘தன்னழிவு’ என்ற தமிழ்ச்சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இச்செயலின் மரபணுக்களை நமக்குக் காட்டித் தந்த உயிரி ரொட்டி ஈஸ்ட். எனவே எந்தச் சொல்லையும் ஈஸ்டில் நடப்பதோடு ஒட்டிவைத்துப் பார்ப்பதே முறை.

பெல்ஜிய உயிர்வேதியியலாளர் கிறிஸ்டியன் டி டூவ் 1963இல் ‘ஆட்டோஃபேஜி’ என்று பெயர் சூட்டிய பிறகும், இச்செயலை இயக்கும் மரபணுக்கள் எவையென்று நெடுங்காலம் தெரியவில்லை. டோக்கியோவில் யோஷினோரி ஓசுமி, வாக்குவோலில் (ஈஸ்ட் செல்லின் செரிமானப் பையில்) புரதம் செரிக்கும் நொதிகள் குறைபட்ட ஈஸ்டை நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் பட்டினி போட்டார். சில மணி நேரத்துக்குள், செரிக்கப்படாத சிறு உருண்டைகள் வாக்குவோலை நிறைத்து இடையறாது துள்ளுவது சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரிந்தது. மரபணு மாறியதால் அவ்வுருண்டைகள் சேராத திரிபு ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்து, 1993இல் அவர் குழு 15 மரபணுக்களை இனங்கண்டது. அவை பழுதுபட்ட ஈஸ்ட் பட்டினியைத் தாங்காமல் விரைவில் மடிகிறது. இச்செயலுக்குத் தேவையான ஏடிஜி5 என்ற மரபணு நீக்கப்பட்ட எலிக்குட்டிகளும் பிறந்த ஒரு நாளுக்குள் இறந்துவிடுகின்றன. செயல் நின்றால் சாவு என்றிருக்கும்போது அதை ‘அழிவு’ என்பது பொருளையே தலைகீழாக்குகிறது. ‘தற்சிதைவு’ என்பதை, செல் தன் நொதிகளாலேயே சிதைந்து மடியும் ஆட்டோலைசிஸுக்கு விட்டுவைக்கலாம்.

‘தன்விழுங்கல்’ ஓரளவு நெருங்கி வருகிறது. இரட்டைச் சவ்வு ஒன்று செல்லின் ஒரு பகுதியை வளைத்து மூடுவதை அது சரியாகவே சொல்கிறது. ஆனால் ஓசுமியின் ஈஸ்டில் விழுங்கல் நடந்தது, செரித்தல்தான் நடக்கவில்லை. ஆகவே ‘விழுங்கல்’ முதற்கட்டத்துக்கு மட்டும் இருக்கட்டும். இரண்டையும் அடக்கும் ‘தன்னுண்ணல்’ முழுச் செயலுக்கும் நிற்கட்டும். அதிலிருந்து கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: இரட்டைச் சவ்வுப் பை ‘தன்னுண்பை’, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் (இழைமணியில்) பழுதானவற்றை இவ்வாறு அகற்றுவது ‘இழைமணியுண்ணல்’. தாவரங்கள் தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் தற்சார்பு ஊட்டத்தோடு இது குழம்பும் என்ற அச்சம் மிகை என்றே நினைக்கிறேன்.

ஈஸ்ட் போல, பிற உயிர்களையும் புரிந்துகொள்ள ஆய்வில் பயன்படும் உயிரியைக் குறிக்கும் ‘மாதிரி உயிரி’ பற்றி ஒன்று. ‘ஈஸ்ட் மாதிரி’ என்று சுருக்கினால் ஆய்வுக்கு எடுத்த சிறு பகுதி என்ற பொருளும் வந்துவிடும் என்பதால், ‘உயிரி’யை எங்கும் விடாமல் எழுத வேண்டும்.

மரபணுப் பெயர்களை மட்டும் தமிழாக்க வேண்டாம். ஒரே மரபணுவுக்கு ஆய்வகத்துக்கு ஒரு பெயர் வழங்கிய குழப்பம் 2003இல்தான் ‘ஏடிஜி’ என்ற பொதுப்பெயரால் தீர்ந்தது.