சதுரக் கிணறு: பாசிட்டிவ் எனர்ஜியிலும் தனித்தனி மட்டம் வருது, உதவி!

செழியன்_இயற்: குவாண்டம் கணக்கு: முடிவுள்ள ஆழக் கிணறு (நடுவுல மட்டும் நிலையாற்றல் தாழ்ந்திருக்கும், வெளியே பூஜ்யம்). ஃபைனைட் டிஃபரன்ஸ்ல (இடத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளா, அதாவது கிரிட்டா வெட்டி) மேட்ரிக்ஸ் போட்டு ஐகன்வேல்யூ, அதாவது ஆற்றல் மட்டங்களை எடுத்தேன். நெகட்டிவ்ல 3 மட்டம், சரி. பாசிட்டிவ்லயும் இடைவெளி விட்டு விட்டுத்தான் வருது. அங்கே துகள் ஃப்ரீதானே, தொடர்ச்சியா வரணுமே? நாளைக்கு சப்மிட் பண்ணணும்.

நிரல்மொழி: ஒரு பரிமாணமா, மூணா? ஆழம், அகலம், யூனிட் என்ன?

கயல்: கிரிட் இடைவெளி பெரிசா இருக்கும், பாதியாக்குங்க. எனக்கு எப்பவும் அதுதான் காரணம்.

மூத்தவர்: கிரிட்டைக் குறைத்தால் மதிப்பு திருந்தும், மட்டம் தொடர்ச்சியாகாது. மேட்ரிக்ஸில் எத்தனை வரிசையோ அத்தனை ஐகன்வேல்யூதான். இதெல்லாம் அடிப்படை தம்பி, கோட் எழுத உட்காரும் முன் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

செழியன்_இயற்: ஒரு பரிமாணம். ஆழம் 10, கிணறு −1 முதல் 1 வரை. எச்-பார் (பிளாங்க் மாறிலி ÷ 2π), நிறை ரெண்டும் 1.

நிரல்மொழி: அரை அகலம் × √(2 × நிறை × ஆழம்) ÷ எச்-பார் = √20 = 4.47, அதை π/2-ஆல வகுத்தா 2.85. மேலே முழுமையாக்கினா 3. உங்க கட்டுண்ட நிலைகள் (துகள் கிணற்றுக்குள்ள மாட்டின அந்த நெகட்டிவ் மூணு) சரி. நீங்க கிரிட் போட்ட பாக்ஸ் எங்கே முடியுது?

செழியன்_இயற்: −5, 5.

நிரல்மொழி: அங்கேதான் விஷயம். 5-ல அலைச்சார்பை பூஜ்யமாக்கினா அது முடிவிலா உயரச் சுவர். கிணற்றை விட்டு வெளியே வந்த துகள் உங்க பெட்டிக்குள்ள மாட்டிக்குது. −10 முதல் 10 வரை ஓட்டுங்க, கிரிட் இடைவெளியை மாத்தாதீங்க. கட்டுண்ட மூணும் கிணற்றுக்கு வெளியே அடுக்குக்குறியா தேயுறதால சுவர் இருக்கிறதே அதுங்களுக்குத் தெரியாது, நகராது. மத்ததெல்லாம் கீழே இறங்கி நெருங்கும்; பெட்டி பெரிசாக ஆக தொடர்ச்சியை நோக்கிப் போகும்.

ஆதிரை: பாசிட்டிவ்னாலே கட்டுண்டிருக்காதுன்னு சொல்லிட முடியாது. 1929-லயே ஃபான் நாய்மனும் விக்னரும் தொடர்நிறமாலைக்குள்ள (ஆற்றல் தொடர்ச்சியா இருக்கிற பகுதியில) கட்டுண்ட நிலை காட்டியிருக்காங்க.

மூத்தவர்: அதற்கென்றே வடிவமைத்த, அலைந்தபடி தேயும் நிலையாற்றல் அது. சதுரக் கிணற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? ஒரு பரிமாணத்தில் எவ்வளவு ஆழமற்ற கிணறும் ஒரு நிலையையாவது கட்டும், அதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆதிரை: முப்பரிமாணத்துல அது நடக்காதுங்கறதையும் சேர்த்துச் சொல்லணும் சார். டியூட்டெரான் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்தது) சுமார் 2.2 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்) பிணைப்பாற்றல்ல ஒரே ஒரு கட்டுண்ட நிலையோட நிக்குது; ரெண்டு நியூட்ரான் அப்படிச் சேரவே இல்லை.

கயல்: ரெண்டு நியூட்ரான் சேராதது ஸ்பின்னாலயா, பவுலி விதியாலயா (ஒரே மாதிரி ரெண்டு துகள் ஒரே நிலையில இருக்கக்கூடாதுங்கறது)?

ஆதிரை: ரெண்டும் சேர்ந்து. ஸ்பின் இணையா இருந்தா ஈர்ப்பு கூடுதல்; ஒரே மாதிரி ரெண்டு நியூட்ரானுக்கு எஸ் நிலையில (கோண உந்தம் பூஜ்யம்) பவுலி அதை விடாது. தனி இழை போடுங்க, எழுதறேன்.

செழியன்_இயற்: ஓட்டிட்டேன். மூணும் அசையல. பாசிட்டிவ்ல முதல் மட்டம் 0.21-லிருந்து 0.05. நன்றி.