லீவு போட்டால் சாவி யாரிடம்? மேலாளர்கள் சொல்லும் அனுபவங்கள்

பொருநை (வங்கிக் கிளை மேலாளர், தென் மாவட்டம்)

நான்காம் சனிக்கிழமை வங்கிக்கு விடுமுறை. அந்த விடுமுறையில்தான் எங்கள் மண்டலத்துக் கிளை மேலாளர்கள் எல்லோரையும் ஒரு ஹோட்டல் அரங்கில் உட்கார வைத்து, மன உறுதியை வளர்ப்பது எப்படி என்று பயிற்சி கொடுத்தார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், பலூன் ஊதச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது, டார்கெட்டில் பின்தங்கிய கிளைகளின் பட்டியல் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. சாம்பாரை ஊற்றிக்கொண்டே எல்லோரும் போனைப் பார்த்தோம்.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். மேலாளராக இருந்து ஒரு கட்டத்தில் சுத்தமாகத் தளர்ந்துபோய், அப்புறம் நிமிர்ந்தவர்கள் நம்மில் இருப்பீர்கள். யோகா, நடைப்பயிற்சி எல்லாம் நல்லதுதான், அது எல்லோருக்கும் தெரியும். வேலை பார்க்கும் இடத்தில் எது மாறியதால் உங்களுக்கு மூச்சுவிட முடிந்தது என்று எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது சின்னக் கிளை. பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், இன்னொன்று என்னிடம். காலையில் இருவரும் இருந்தால்தான் கதவு திறக்கும். நான் லீவு போட வேண்டுமென்றால் எனக்குப் பதிலாக ஓர் அதிகாரி வர வேண்டும். ரீஜனல் ஆபீஸில் கேட்டால் "ஆள் இல்லை, சமாளிங்க சார்" என்பார்கள். சரி, இரண்டு நாள் கிடைத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கொடை விழாவில் சாமி ஊர்வலம் போகும்போது போன் அடிக்கும். நகைக்கடன் ஒன்று நிற்கிறது, சிஸ்டத்தில் நான் ஓகே கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் கத்துகிறார். அந்த லீவுக்குப் பெயர்தான் லீவு.

மாலை ஆறு மணிக்கு விசி, அதாவது மேலிடத்தோடு வீடியோ கான்பரன்ஸ். இன்று எத்தனை கணக்கு, எத்தனை இன்சூரன்ஸ், வாராக்கடனில் எவ்வளவு வசூல். பதில் சொல்ல வரிசையில் காத்திருக்கும் அந்த நேரத்தில் வயிறு இறுகும். ஒரு நவம்பரில், உயிர்வாழ் சான்று கொடுக்க வந்த ஒரு பென்ஷன்தாரர் அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அங்கே போங்க" என்று கை நீட்டினேன். அந்த அம்மாவோடு நின்று பேசுவதற்காகவே முன்பெல்லாம் கேபினைவிட்டு எழுந்து வருவேன். எரிச்சல்கூட இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் மாலை மேலிடத்திலிருந்து போன். "நாளையிலிருந்து நீங்கள் கட்டாய விடுப்பில் இருக்கிறீர்கள். சார்ஜ் எடுக்க ஆள் வருவார்."

வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இது ரிசர்வ் வங்கி போட்ட விதி. 2021 ஜூலையில் வந்த சுற்றறிக்கைப்படி, முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒரு முறை, முன்கூட்டிச் சொல்லாமல், ஒரே தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலைநாள் விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அலுவலக வேலை எதையும் நேரிலும் சரி, கணினி வழியாகவும் சரி, தொடக்கூடாது. எல்லா ஊழியருக்கும் பொதுவாக உள்ள மெயிலை மட்டும் பார்க்கலாம். எந்தெந்தப் பொறுப்புகள் என்பதை அந்தந்த வங்கியின் போர்டு தீர்மானிக்கும். எங்கள் பட்டியலில் கிளை மேலாளர் உண்டு. இதை ஊழியர் நலனுக்காகக் கொண்டுவந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மோசடியைப் பிடிக்கத்தான். கணக்கில் கோல்மால் செய்கிறவன் நாற்காலியைவிட்டு எழவே மாட்டான். அவன் இடத்தில் இன்னொருவர் சில நாள் உட்கார்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைச் சந்தேகப்படுகிறார்களா என்று மனைவியிடம் புலம்பினேன். முதல் சில நாட்கள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன், யாரும் கூப்பிடவில்லை. யூசர் ஐடியை முடக்கிவிட்டார்கள், கூப்பிட்டும் பயனில்லை. அதற்குப் பிறகு தூங்கினேன். மத்தியானமும் தூங்கினேன். கடைசியில் பசித்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

ஓய்வு எடுத்தால் தெம்பு வரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. திரும்பிப் போனபோது மேசையில் மலை மாதிரி ஃபைல் குவிந்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயம். வந்தவர் முழு அதிகாரத்தோடு வந்தவர். கடன்களை அவரே பார்த்துக் கொடுத்திருக்கிறார், கொடுக்கக் கூடாததைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், விசியில் திட்டும் வாங்கியிருக்கிறார். சாதாரண லீவில் நம் வேலை நமக்காகக் காத்துக் கிடக்கும். இதில் வேலை நடந்து முடிந்திருந்தது.

நொய்யல் (பனியன் கம்பெனி புரொடக்‌ஷன் மேனேஜர், திருப்பூர்)

உங்களுக்கு ரிசர்வ் வங்கி இருக்குதுங்க சார். எங்களுக்கு முதலாளிதான் ரிசர்வ் வங்கி, முதலாளிதான் ரீஜனல் ஆபீஸ்.

எங்கள் தொழிலில் உடம்பு அலுப்பு பெரிய விஷயம் இல்லை. ஷிப்மென்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவோம், பேக்கிங்கில் விடிய விடிய நிற்போம், கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியதும் டீ குடித்துவிட்டுப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும். என்னை முறித்தது வேறு.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி என்றானது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் கம்பெனி பாதிக்கு மேல் அமெரிக்க பையர்களை நம்பி ஓடியது. கட்டிங் முடிந்த துணி அடுக்கி வைத்திருக்கிறது, தைக்கலாமா வேண்டாமா என்று மேலிருந்து பதில் இல்லை. பவர் டேபிளில் உட்கார்ந்திருக்கும் டெய்லர்கள் என்னைத்தான் கேட்பார்கள். "அண்ணா, அடுத்த வாரம் வேலை இருக்குமா? ஊருக்குப் போய்விட்டு வரட்டுமா?" தீபாவளி வருகிறது, போனஸ் உண்டா என்றும் கேட்பார்கள். எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லக்கூடாது, சொன்னால் ஆள் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்பது உத்தரவு. அதனால் "இருக்கும், இருக்கும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நம்பி உட்கார்ந்திருக்கிறவர்களிடம் தினமும் அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்குமா? ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்து லைன் பக்கம் போகாமல் ஆபீஸிலேயே உட்கார ஆரம்பித்தேன். சூப்பர்வைசர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள்.

மாற்றியது எங்கள் லேபர் கான்ட்ராக்டர்தான். அவர் நேராக முதலாளியிடம் போய், "நீங்களே வந்து பேசுங்கள், இந்த மனுஷன் உங்களுக்காகப் பேசிப் பேசிக் கெட்டுப்போகிறான்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் முதலாளியே லைன் இன்சார்ஜ்கள் முன்னால் வந்து நிற்கிறார். இந்த வாரம் இந்த ஸ்டைல் ஓடும், அடுத்த வாரம் தெரியாது, தெரிந்ததும் சொல்கிறேன் என்கிறார். சிலர் வேலையைவிட்டுப் போனார்கள், உண்மைதான். ஆனால் நாங்கள் பயந்த அளவுக்குப் போகவில்லை. எனக்கு வேலை ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லைங்க. பொய் சொல்லும் வேலை மட்டும் போயிற்று.

சோழிங்கநல்லூர்க்காரி (ஐடி டெலிவரி மேனேஜர், சென்னை)

நொய்யல் அண்ணா, எங்கள் ஊர் கண்ணாடிக் கட்டடத்திலும் அதே கதைதான். ஆள்குறைப்பு வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், டீமுக்குச் சொல்லக்கூடாது. அப்ரைசலில் யாரையாவது கீழே தள்ளியே ஆக வேண்டும், தள்ளிய காரணத்தை நானே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

பெண் மேனேஜராக இருந்தால் இன்னொன்றும் சேரும். டீமில் யாருக்கு வீட்டில் பிரச்சினை என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆண் மேனேஜரிடம் போக மாட்டார்கள், "மேடம் புரிஞ்சுப்பாங்க" என்பார்கள். விவாகரத்து, அம்மாவுக்குப் புற்றுநோய், ஐவிஎஃப் தோற்றது, எல்லாம் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது எந்த டைம்ஷீட்டிலும் ஏறாது. அதை முடித்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு அமெரிக்கக் கால், இடையில் பிள்ளையின் ஹோம்வொர்க். கம்பெனி எனக்கு ஒரு தியான ஆப் சந்தா வாங்கிக் கொடுத்தது. "இன்று நீங்கள் தியானிக்கவில்லை" என்று அதுவும் நினைவூட்டல் அனுப்ப ஆரம்பித்தது. அழித்துவிட்டேன்.

எனக்கு உதவியது ரொம்பச் சாதாரணமான ஒன்று. இரவில் சர்வர் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு எஞ்சினியர்களுக்குச் சுழற்சிப் பட்டியல் இருந்தது. அவர்களால் முடியாதபோது மேலே யாரைக் கூப்பிடுவது என்ற எஸ்கலேஷன் கட்டத்தில் மட்டும் எப்போதும் என் பெயர். என்னைப் போன்ற மற்ற மேனேஜர்களிடம் பேசி அந்தக் கட்டத்தையும் சுழற்சியில் போட்டோம். என் வாரம் இல்லையென்றால் என் போன் அடிக்காது. கிளையன்ட் ஆட்சேபித்தார். "என் டீமைப் பற்றி இன்னொரு மேனேஜருக்கு என்ன தெரியும்" என்று எனக்கே உறுத்தியது. முதல் மாதம் அந்த மேனேஜர்கள் கொஞ்சம் தடுமாறினார்கள், அவ்வளவுதான்.

வார்டு சிஸ்டர் (நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், மதுரை)

எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒன்று தோன்றியது. எங்கள் வார்டில் ஷிப்ட் மாறும்போது ஹேண்டிங் ஓவர் கொடுக்காமல் எந்த நர்ஸும் வெளியே போக முடியாது. எந்த பெட்டுக்கு எந்த ட்ரிப் ஓடுகிறது, யாருக்கு யூரின் அளவு குறைகிறது, எல்லாம் அடுத்தவர் காதில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். போட்டுவிட்டால் அது இனி அடுத்தவர் பொறுப்பு. அதனால்தான் அத்தனை மரணங்களைப் பார்த்துவிட்டும் அவர்களால் பஸ்ஸில் தூங்க முடிகிறது.

இன்சார்ஜுக்கு மட்டும் ஹேண்டிங் ஓவர் கிடையாது. கொரோனா இரண்டாம் அலையில், 2021 மே மாதம், ஆக்சிஜன் கணக்கை மனதில் வைத்துக்கொண்டே வீட்டில் படுத்திருந்தேன். சிலிண்டர் எண்ணிக்கை கனவில் வரும். இப்போது சாயங்காலம் நைட் சூப்பர்வைசருக்கு நானும் உட்கார்ந்து ஹேண்டிங் ஓவர் கொடுக்கிறேன். பத்து நிமிட வேலை. யாரும் கேட்டதில்லை, நானாகத் தொடங்கியது. நர்ஸ்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

குழந்தைவேல் (மனநல மருத்துவர்)

இடையில் ஒரு சிறு குறிப்பு. நீங்கள் விவரிப்பதை ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்பார்கள். அதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பில் சேர்த்தது. நோயாக அல்ல, பணியிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தால் வரும் நிலையாக. மூன்று கூறுகளைச் சொல்கிறது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன் மேல் கசப்பு வருவது, செயல்திறன் குறைவது. பென்ஷன்தார அம்மாவை நிமிர்ந்து பார்க்காததும், லைன் பக்கம் போகாததும் இரண்டாவது கூறு. இந்த நிலையைப் பற்றி 1974-இல் எழுதிய ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் இதைத் தன்னார்வலர்களிடம் பார்த்தவர். விரும்பி வந்து உழைத்தவர்களுக்கே அது வந்தது.

ஓர் எச்சரிக்கை. விடுமுறையிலும் எதுவும் பிடிக்கவில்லை, பேரக்குழந்தை சிரித்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அது வேலைக் களைப்பு மட்டும் அல்ல. மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, சர்க்கரை, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு இவற்றையும் சோதிக்கச் சொல்வேன். உடனே பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

யாரா நதி (மெல்பர்ன்)

இங்கே ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பையும் மெயிலையும் பார்க்காமல் இருக்கச் சட்டமே உரிமை தருகிறது. மறுப்பது நியாயமற்றது என்று ஆகக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் எது நியாயம் என்று பார்க்கும்போது ஒருவருடைய பொறுப்பின் அளவையும் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே மேனேஜர்களுக்கு இந்தக் குடை கொஞ்சம் சின்னது. என் டீம் ஐந்து மணிக்குப் போனை அணைத்துவிடுகிறது. முன்பு அவர்களுக்குப் போன அழைப்புகளும் சேர்ந்து இப்போது எனக்கு வருகின்றன. சட்டம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடலாம் என்றுதான்.

சோழிங்கநல்லூர்க்காரி

பொருநை சார், ஒரு கேள்வி. கட்டாய விடுப்பு ஆண்டுக்கு ஒரு முறைதானே? மற்ற நாட்களில் பழையபடி ஆகிவிடாதா?

பொருநை

ஆகத்தான் பார்த்தது. மாலை விசி நிற்கவில்லை, டார்கெட்டும் குறையவில்லை, அதெல்லாம் என் கையில் இல்லை.

என் கையில் இருந்ததை மட்டும் மாற்றினேன். எங்கள் கிளையில் ஒரு இளம் அதிகாரி, கெட்டிக்காரப் பெண். அதுவரை என் கையெழுத்துக்காகக் காத்திருந்தார். நகைக்கடனில் அவருடைய வரம்புக்கு உட்பட்டதை இப்போது அவரே முடிக்கிறார், என்னிடம் கேட்பதில்லை. சாவியையும் அவர் பெயருக்கு முறைப்படி ரிஜிஸ்டரில் எழுதி மாற்றி வாங்கிப் பழகினோம். வாரத்தில் சில நாள் விசியிலும் அவரே உட்காருகிறார். ஆரம்பத்தில் மேலிடத்தில் "மேனேஜர் எங்கே?" என்று கேட்டார்கள். இப்போது அவரிடமே எண்களைக் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆனால் அவருக்கு அடுத்த மே மாதம் டிரான்ஸ்பர் வரும் போலிருக்கிறது. புதிதாக வருபவருக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் கேஷியரைத் தயார் செய்யலாமா என்று பார்க்கிறேன். விதிப்படி இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது, அதனால் கிளார்க் ஒருவரையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். சின்னக் கிளை நடத்துகிற வேறு யாராவது இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.