ஜப்பானிய மொழி தெரிந்தால் போகிற ஊரில் ஹோட்டல் வேலை கிடைக்குமா?

நீலவானம் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். என் கணவரை அவருடைய கம்பெனி அடுத்த வருடம் வெளிநாட்டுக்கு மாற்றுகிறது. ஹவாயில் ஹொனலுலு, தாய்லாந்தில் பாங்காக், ஜெர்மனியில் டுசெல்டார்ஃப் மூன்றில் எது வேண்டும் என்று எங்களிடமே கேட்டிருக்கிறார்கள். நான் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் (என்5 அடிநிலை, என்1 உச்சநிலை) என்3 முடித்துவிட்டு இப்போது என்2-வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலம் நன்றாக வரும். வாடிக்கையாளர் சேவையில் சில வருட அனுபவம் இருக்கிறது, ஆனால் ஹோட்டலில் வேலை பார்த்ததில்லை. போன இடத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்க எனக்கு மனசில்லை, ஆசைப்பட்டுப் படித்த மொழியைப் பேசிச் சம்பாதிக்க வேண்டும். மூன்று ஊரிலும் ஜப்பானியர் நடமாட்டம் உண்டு என்கிறார்கள். ஜப்பானிய மொழி தெரியும் என்பதை வைத்து ஹோட்டலில் உள்ளே நுழைய முடியுமா, இல்லை அது விண்ணப்பத்தில் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடுமா? அந்த ஊர்களில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

முன்மேசை:

ஹொனலுலுவின் கடற்கரைப் பகுதியான வைகிகியில் ஹோட்டல் ஃப்ரன்ட் டெஸ்கில், அதாவது வரவேற்பு மேசையில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உதவும், கண்டிப்பாக உதவும். ஆனால் மொழிக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். உங்கள் கணவர் எல்-1 விசாவில் (ஒரே கம்பெனிக்குள் மாற்றலாகி வருகிறவர்களுக்கானது) வந்தால் நீங்கள் எல்-2, அந்தத் துணைவர் 2021 நவம்பரிலிருந்து தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலை பார்க்கலாம். எச்-1பி என்ற திறன் வேலை விசா என்றால் நீங்கள் எச்-4, அதில் எல்லோருக்கும் வேலை அனுமதி கிடையாது, கணவரின் கிரீன் கார்டு வழக்கு ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். இதைக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிலவரம். 2019-இல் ஹவாய்க்குச் சுமார் 16 லட்சம் ஜப்பானியர் வந்தார்கள், 2024-இல் அதில் பாதிகூட வரவில்லை. 2021-இல் டாலருக்கு 110 யென் அளவில் இருந்தது 2024 ஜூலையில் 160-ஐத் தொட்டது, குடும்பத்தோடு வந்து போவது அவர்களுக்கு அவ்வளவு கனத்துவிட்டது. அதனால் முன்பு போல ஜப்பானியம் தெரிந்த ஆளைத் தேடித் தேடி எடுக்கிற காலம் இது இல்லை. போட்டியும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்து வீட்டில் ஜப்பானியம் பேசுகிறவர்கள், ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர்கள் எல்லோரும் அதே வேலைக்குத்தான் வருகிறார்கள்.

இருந்தாலும் தேவை போய்விடவில்லை. ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும் கோல்டன் வீக் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன், வருடக் கடைசி, இந்த மூன்று சமயமும் லாபி நிரம்பிவிடும். ஜப்பானில் பல இடங்களில் தங்கும் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள், இங்கே அறைக்கு. டிப்ஸ் கொடுக்கிற வழக்கமும் அங்கே இல்லை. இங்கே வந்தால் ஒவ்வொரு இரவுக்கும் ரிசார்ட் கட்டணம் தனி, கார்டில் முன்பணமாக ஒரு தொகை நிறுத்திவைப்பதும் தனி. ஏழெட்டு மணி நேர விமானப் பயண அசதியோடு நிற்கிறவரிடம் இதையெல்லாம் அவர் முகம் கோணாமல், அவர் மொழியில், சரியான பணிவோடு சொல்லத் தெரிந்த ஆள் டெஸ்கில் இருந்தால் அந்த ஷிப்ட் முழுக்க எங்களுக்கு நிம்மதி. நடு இரவில் ஒரு விருந்தினருக்கு நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸ்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் நின்று பேசியது எங்கள் டெஸ்க் பெண்தான். அந்த மாதிரி நேரத்துக்குத்தான் மேனேஜர்கள் ஆள் வைத்துக்கொள்கிறார்கள்.

ஹோட்டல் மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜேடிபி, எச்ஐஎஸ் போன்ற ஜப்பானியப் பயண நிறுவனங்கள் வைகிகியில் தங்கள் பயணிகளுக்கென்றே சேவை மையங்கள் வைத்திருக்கின்றன. அங்கே தொடங்குவதும் நல்ல வழி.

ரைன்கரை:

டுசெல்டார்ஃப் பற்றி நான் சொல்கிறேன். விசா விஷயத்தில் இங்கே உங்களுக்குச் சுலபம், ப்ளூ கார்டிலோ (உயர் தகுதி உள்ளவர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதி) திறன் வேலை விசாவிலோ வருகிறவரின் துணைவர் வந்த நாளிலிருந்தே எந்த வேலையும் பார்க்கலாம். இம்மர்மான் தெரு முழுக்க ஜப்பானியக் கடையும் உணவகமும் அலுவலகமும்தான். ஆனால் ஹவாய் மாதிரி உல்லாசப் பயணிகள் அல்ல, கம்பெனி வேலையாக வருகிறவர்கள், அதிலும் கண்காட்சி நாட்களில். நவம்பரில் மெடிக்கா என்ற மருத்துவத் துறைக் கண்காட்சி நடக்கும்போது காலை உணவு நேரத்தில் நான்கு மேசைக்கு ஒரு மேசையில் ஜப்பானியம் கேட்கும்.

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் தினமும் நடப்பது. ஜப்பானில் தரைத்தளத்தையே முதல் மாடி என்பார்கள், இங்கே முதல் மாடி என்றால் ஒரு தளம் மேலே ஏற வேண்டும். குடும்பப் பெயரை முன்னால் சொல்லி அறை கேட்பார்கள், புக்கிங்கில் அது மாறிப் பதிவாகியிருக்கும், புதிதாக வந்த ஊழியர் ஓபரா என்ற ஹோட்டல் மென்பொருளில் தேடிவிட்டு உங்கள் பெயரில் அறை இல்லை என்று சொல்லிவிடுவார். இரண்டு பக்கமும் திருப்பித் தேட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும், அது பெரிய உதவி.

ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. ஜெர்மன் இல்லாமல் இங்கே ஃப்ரன்ட் டெஸ்க் கஷ்டம். டாக்ஸிக்காரர், ரிப்பேர் ஆள், ஹவுஸ்கீப்பிங், காவல்துறை எல்லோரிடமும் ஜெர்மன்தான். பி1 அளவுக்காவது, அதாவது அன்றாட விஷயங்களைப் பேசிச் சமாளிக்கும் நடுநிலைக்காவது வந்துவிட்டால் ஜெர்மன், ஆங்கிலம், ஜப்பானியம் மூன்றும் சேர்ந்த ஆளாக உங்களைப் பார்ப்பார்கள், அப்போது நிலைமையே வேறு.

பயணப்பை:

பாங்காக்கில் ஜப்பானியர் மிக அதிகம், சுகும்வித் பக்கம் ப்ரோம் போங், தோங் லோவில் குடும்பத்தோடு வருடக்கணக்கில் இருக்கிறார்கள். சர்வீஸ் அபார்ட்மென்ட்களில் ஜப்பானியம் பேசும் ஊழியருக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. ஆனாலும் வேலைக்காகவே ஊரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் பாங்காக்கை நான் கடைசியில்தான் வைப்பேன். துணைவர் விசாவில் நேரே வேலைக்குப் போக முடியாது, முதலாளி வேலை அனுமதி எடுத்துத் தர வேண்டும். பொதுவாக ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு தாய்லாந்து ஊழியர் என்ற கணக்கும் பார்ப்பார்கள். சுற்றுலா வழிகாட்டி வேலையெல்லாம் வெளிநாட்டவருக்குக் கிடையவே கிடையாது. ஜப்பானியம் படித்த தாய்லாந்துப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கும்போது, இத்தனை காகிதம் எழுதி உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று ஹோட்டல் யோசிக்கும். எடுத்தால் ஜப்பானிய நிறுவனங்களிடம் அறை விற்கும் சேல்ஸ் பிரிவில் எடுப்பார்கள், டெஸ்கில் அல்ல.

நீலவானம்:

மூவருக்கும் மிக்க நன்றி, விசாவை நான் இந்த அளவுக்கு யோசிக்கவே இல்லை. இன்னும் ஒன்று. என்2 சான்றிதழ் வாங்கிவிட்டு விண்ணப்பித்தால் நல்லதா? என்3 போதாது என்று ஒதுக்கிவிடுவார்களா?

முன்மேசை:

சான்றிதழுக்காகக் காத்திருக்காதீர்கள். ஜேஎல்பிடி சொல், இலக்கணம், வாசிப்பது, கேட்பது இவற்றை மட்டும்தான் சோதிக்கிறது, பேச்சுத் தேர்வு அதில் இல்லை. என்1 வைத்துக்கொண்டு போனில் வாய் திறக்க முடியாதவர்களையும் பார்த்திருக்கிறேன், என்3-இல் கலகலவென்று டெஸ்க் நடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் ஜப்பானிய மேற்பார்வையாளர் ஒருவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள், அங்கே தெரிந்துவிடும். அவர் பார்ப்பது கெய்கோ, அதாவது விருந்தினரிடம் பேசும் மரியாதை நடை. நண்பர்களோடு பேசிப் பழகிய ஜப்பானியத்தை அப்படியே டெஸ்கில் பேசினால் அவர்கள் காதில் அது துடுக்காக விழும். நல்ல செய்தி என்னவென்றால் டெஸ்கில் வரும் பேச்சு திரும்பத் திரும்ப அதேதான். செக்-இன், பாஸ்போர்ட் கேட்பது, அறை இன்னும் தயாராகவில்லை என்று மன்னிப்புக் கேட்பது, ஏசி ஓடவில்லை என்ற புகார், வண்டி ஏற்பாடு, செக்-அவுட் பில். இந்த ஆறு ஏழு சூழலையும் உங்கள் ஆசிரியரை விருந்தினராக நிற்கவைத்து, வாய் தானாக வரும்வரை பேசுங்கள். ஹோட்டல் அனுபவம் இல்லாத குறையை வாடிக்கையாளர் சேவை அனுபவம் ஓரளவு ஈடுகட்டும்.

ரைன்கரை:

முன்மேசை சொன்னதோடு எனக்கு ஒரு சின்ன மாறுபாடு. ஜெர்மனியில் காகிதத்துக்கு மதிப்பு அதிகம், மனிதவளப் பிரிவில் இருப்பவருக்கு ஜப்பானியம் தெரியாது, அவர் சான்றிதழைத்தான் பார்ப்பார். அதனால் விண்ணப்பத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் டிசம்பர் தேர்வுக்குப் பதிவு செய்துவிடுங்கள். என்3 சான்றிதழை இப்போதே இணைத்து, பேசத் தெரியும் என்று ஆசிரியரிடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். டுசெல்டார்ஃப்தான் என்று முடிவானால் சொல்லுங்கள், எந்த ஹோட்டல்களுக்குக் கண்காட்சி நாட்களில் கூடுதல் ஆள் வேண்டியிருக்கும் என்று விசாரித்துச் சொல்கிறேன். தற்காலிக வேலையாக உள்ளே போய் அப்படியே நிரந்தரமானவர்களை எனக்குத் தெரியும்.