கியர் லீவரின் உணர்வு: எஸ்2000, டைப் ஆர் ஓட்டியவர்களின் கருத்து தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய ஹோண்டா எஸ்2000, சிவிக் டைப் ஆர் ஆகிய இரண்டில் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். என் முடிவைத் தீர்மானிக்கப் போவது குதிரைத்திறன் அல்ல, கியர் லீவர் கையில் தரும் உணர்வுதான்.

எஸ்2000-இல் எஞ்சின் நீளவாக்கில் அமைந்து, அதன் பின்னால் கியர்பாக்ஸ் இருப்பதால், லீவர் நேரடியாகக் கியர்பாக்ஸின் மேலேயே நிற்கிறது; உள்ளே பற்கள் இணைவதை உள்ளங்கையிலேயே உணர முடிகிறது. மஸ்தா எம்எக்ஸ்-5-இலும் இதே அமைப்புதான். டைப் ஆரில் எஞ்சின் குறுக்குவாக்கில் இருப்பதால், லீவரின் அசைவு கேபிள்கள் வழியாகவே செல்ல வேண்டியுள்ளது. ஆயினும் கேபிள் என்றாலே மந்தம் என்று ஒதுக்குவது நியாயமல்ல என்றே கருதுகிறேன்: 2013-இல் பிடிகே எனும் தானியங்கி இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மட்டுமே கொண்டு வெளிவந்து, 2017-இல் மீண்டும் மேனுவலைப் பெற்ற போர்ஷே 911 ஜிடி3-இன் லீவரும் கேபிளால் இயங்குவதே.

இரண்டையும் ஓட்டியவர்கள், குறிப்பாகப் பல ஆண்டுகள் வைத்திருந்தவர்கள், தயவுசெய்து விளக்குங்கள். டைப் ஆரின் கேபிள் முனைகளில் உள்ள புஷ்கள் (இணைப்பைத் தாங்கும் சிறு உறைகள்) தேய்ந்து லீவர் தளர்ந்தால், புஷ்களை மட்டும் மாற்றினால் பழைய இறுக்கம் திரும்புகிறதா? ஷார்ட் ஷிஃப்டர் பொருத்தினால் லீவர் நகரும் தூரம் குறைந்தாலும் கைக்குக் கூடுதல் விசை தேவைப்படும், கியர் இணையும் முன் சுழல் வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையங்களும் அதைத் தாங்க வேண்டும். நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை செல்லும் 2.0 லிட்டர் எஸ்2000-இல் அது பாதுகாப்பானதா? வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கையில், இரண்டாம் கியரில் எதைக் கவனிக்க வேண்டும்?