1970 செவெல் மாலிபு: 5.3 எல்எம்7 + ஒற்றை டர்போ, திட்டம் சரியா?

மாலிபு_70

வணக்கம். வண்டி 1970 செவர்லே செவெல் மாலிபு. இப்ப இருக்கிறது 307 வி8, டிஎச்350 கியர்பாக்ஸ், 10 போல்ட் பின் ஆக்சில், நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். 307-ஐ இறக்கிட்டு 2004 சில்வராடோ லாரியோட 5.3 லிட்டர் எல்எம்7 இன்ஜினை வைக்கப் போறேன். காயலான் கடையில இன்ஜின், ஒயரிங், கம்ப்யூட்டர், 4எல்60இ கியர்பாக்ஸ் எல்லாம் ஒரே செட்டா கிடைச்சது. மீட்டர்ல 1,90,000 மைல்.

குறி: கிராங்க்ல 550 குதிரைத்திறன். தெருவுல ஓட்டுறதுக்குத்தான், எப்பவாவது டிராக். இடம் கலிபோர்னியா, பம்புல கிடைக்கிறது 91 ஆக்டேன். 1975 வரைக்குமான வண்டிங்கிறதால ஸ்மாக் டெஸ்ட் கிடையாது.

கேக்க வந்தது இதுதான். இன்ஜினைப் பிரிக்காம அப்படியே டர்போ மாட்டலாமா? 75 மி.மீ. டர்போ பெருசா? மணிக்கு 255 லிட்டர் தர்ற பெட்ரோல் பம்பும், மணிக்கு 60 பவுண்டு தர்ற இன்ஜெக்டரும் போதுமா? 4எல்60இ தாங்குமா?

---

இரும்பு_பிளாக்

பிரிக்காமலும் ஓடும், நிறைய பேர் ஓட்டுறாங்க. ஆனா 550-ன்னு குறி வெச்சுட்டு ரிங் கேப்பை (பிஸ்டன் ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) தொடாம விடுறது வேண்டாத சூதாட்டம். இந்த இன்ஜின் பூஸ்ட்ல (டர்போ கூடுதலாத் திணிக்கிற காத்தழுத்தம்) சாகிறதுக்கு முதல் காரணமே அதுதான்.

கம்பெனி அளவு மேல் ரிங்குக்கு 0.009-லேர்ந்து 0.017 அங்குலத்துக்குள்ள. டர்போ இல்லாத வண்டிக்கு அது சரி. பூஸ்ட் ஏறினா ரிங் சூட்டுல நீளும், ரெண்டு முனையும் முட்டிக்கும். அதுக்கு மேல நீள இடமில்லாம சிலிண்டர் சுவரை நெருக்கிப் பிடிச்சுக்கும். பிஸ்டன் ஓடிக்கிட்டே இருக்கும், ரிங் நகராது. கடைசியில பிஸ்டனோட மேல் விளிம்பு துண்டா பிஞ்சு வரும். இப்படிப் போன இன்ஜினைப் பிரிச்சா, ரிங் முனை ரெண்டும் மெருகு போட்ட மாதிரி பளபளன்னு இருக்கும்.

உங்க போர் (சிலிண்டரோட விட்டம்) 3.78 அங்குலம். அதை 0.0065-ஆல பெருக்கினா 0.0246. மேல் ரிங்கை 0.024–0.025, ரெண்டாவதை 0.026 வையுங்க. பழைய ரிங்கையே அரம் போட்டுத் திரும்ப மாட்டலாம், ஆனா எந்த சிலிண்டர்ல இருந்ததோ அதே சிலிண்டருக்கே போகணும், அப்ப ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்ச்சுக் கீறல் போடுறது) வேண்டாம். புது ரிங் போட்டா ஹோன் பண்ணியே ஆகணும். ராவுறது ஒரு முனையை மட்டும், அதுவும் வெளிப்பக்கத்துலேர்ந்து உள்பக்கமா. எதிர்த் திசையில இழுத்தா முகத்துல இருக்கிற பூச்சு சிதறும். பிசிறை மெல்லிசா எடுத்துட்டு, ரிங்கை போருக்குள்ள விட்டு, பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சு ஒரு அங்குலம் உள்ள தள்ளுங்க. அப்பதான் ரிங் சாயாம நேரா உட்காரும். அதுக்கப்புறம் ஃபீலர் கேஜ். 0.002 ராவி ஒரு தடவை அளந்து, திரும்ப 0.002 ராவி ஒரு தடவை அளந்துன்னு போங்க. கூட ராவிட்டா ஒட்டவைக்க முடியாது.

கனெக்டிங் ராடோட மூடி எல்லாம் உடைச்சுப் பிரிச்ச வகை, ஒண்ணோடது இன்னொண்ணுக்குப் பொருந்தாது. கழட்டும்போதே நம்பர் எழுதிடுங்க. 2004 ராடு கொஞ்சம் மெல்லிசு, ஆனா 550-க்குப் போதும். நாலாம் தலைமுறை 5.3-ல ராடு தடிமன்னு யாராவது அதை வாங்கச் சொல்வாங்க. உண்மைதான். ஆனா அதுல பெரும்பாலும் கிராங்க் சென்சார் வளையம் 58 பல். உங்க கம்ப்யூட்டர் படிக்கிறது 24 பல்.

ஹெட் கழட்டினதும் வார்ப்பு எண்ணைப் பாருங்க. 706-ன்னு இருந்து, ராக்கர் கவருக்குக் கீழ காஸ்டெக் (வார்ப்பு கம்பெனி) முத்திரையும் இருந்தா கவனம். ஹெட் போல்ட் மேட்டுக்குப் பக்கத்துல விரிசல் விட்டு கூலன்ட் ஆயில்ல கலக்கிறதுக்குப் பேர் போன ஹெட் அது. வெளியில ஒரு சொட்டு ஒழுகாது, ரேடியேட்டர் மட்டும் குறைஞ்சுக்கிட்டே வரும். பிரஷர் டெஸ்ட் பண்ணாம திரும்பப் போடாதீங்க. வெளிப்புகை மேனிஃபோல்டோட கடைசி போல்ட் ரெண்டு பக்கமும் உடைஞ்சு ஹெட்டுக்குள்ளயே நிக்கிறது இந்த இன்ஜின்ல சகஜம். அதையும் இப்பவே எடுத்துடுங்க.

ஹெட் கேஸ்கட்டுக்கு எல்எஸ்9 இன்ஜினோட ஏழு அடுக்கு ஸ்டீல் போதும். போல்ட் புதுசு போடுங்க, ஒரு தடவை இழுத்த போல்ட் நீண்டுடும். 2004-ல 11 மி.மீ. போல்ட் எல்லாம் ஒரே நீளம்: முதல் சுற்று 22 அடி-பவுண்டு, அடுத்தது 90 டிகிரி, கடைசி 70 டிகிரி. முக்கியமானது, போல்ட் ஓட்டைகளைக் காத்தடிச்சு உலர வையுங்க. அது அடைபட்ட ஓட்டை. உள்ள கூலன்ட் தேங்கி இருக்கும்போது போல்டை இறுக்கினா, திரவம் ஒதுங்க வழியில்லாம பிளாக்கையே பிளக்கும்.

வால்வ் ஸ்பிரிங்கையும் மாத்துங்க. இன்டேக் வால்வ் 1.89 அங்குலம், பரப்பு 2.8 சதுர அங்குலம். 10 பிஎஸ்ஐ பூஸ்ட்னா வால்வோட முதுகுல 28 பவுண்டு திறக்கிற திசையில தள்ளும். பழைய ஸ்பிரிங் மூடி வெச்சிருக்கிறதே 80 பவுண்டுக்குக் கீழ. கேம் ஷாஃப்டை மாத்த வேண்டாம், லாரி கேமே டர்போவுக்கு நல்லா ஒத்துப்போகும்.

---

அளவுகோல்

மேல சொன்னதோட உடன்படுறேன். கணக்கை மட்டும் நான் போடுறேன்.

5.3 லிட்டர்ங்கிறது 325 கன அங்குலம். 6000 ஆர்பிஎம்ல, 90% நிரம்புதுன்னு வெச்சா நிமிஷத்துக்கு 508 கன அடி, அதாவது சுமார் 39 பவுண்டு காத்து. 10 பிஎஸ்ஐ பூஸ்ட்ல அழுத்த விகிதம் 1.68. இன்டர்கூலர் தாண்டி 50 டிகிரி செல்சியஸ்ல உள்ள போனா, அடர்த்தி குறைவையும் கழிச்சு 58 பவுண்டு வரும். பவுண்டுக்குப் பத்து குதிரைங்கிற தோராயக் கணக்குல 580. 8 பிஎஸ்ஐக்கு 530. உங்க 550 இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கு.

75 மி.மீ. டர்போ இதுக்குத் தாராளம்தான். தப்பு இல்லை, ஆனா தெருவுல 66 மி.மீ. இருந்தா ஆயிரம் ஆர்பிஎம் வரைக்கும் முன்னாடியே எழும். பின்னால 700 வேணும்னு மனசு மாறும்னு தெரிஞ்சா 75 வாங்குங்க. இல்லைன்னா 66.

பெட்ரோல்: ஒரு குதிரைக்கு மணிக்கு 0.65 பவுண்டுன்னு வெச்சா, 580 × 0.65 = மணிக்கு 377 பவுண்டு. எட்டு இன்ஜெக்டருக்குப் பிரிச்சா 47. இன்ஜெக்டர் 85%-க்கு மேல திறந்தே இருக்கக் கூடாதுன்னா 55. 60 பவுண்டு சரியா வரும், 80 வாங்கினா மூச்சுவிட இடம் இருக்கும். அதே 377 பவுண்டு லிட்டர்ல மணிக்கு 230. பெட்டியில 255-ன்னு எழுதியிருக்கே, போதுமேன்னு தோணும். அந்த 255 அளந்தது 40 பிஎஸ்ஐல. உங்க ரெயில்ல அடிப்படை அழுத்தம் 58, அதோட பூஸ்ட் 10, ஆக 68. அந்த அழுத்தத்துல அந்த பம்ப் 230 தராது. விளைவு, மேல் ஆர்பிஎம்ல பெட்ரோல் குறையும், பிஸ்டன் உருகும். 450 லிட்டர் பம்ப் போடுங்க.

2004 ரெயில்ல ரிட்டர்ன் லைன் கிடையாது. பூஸ்ட் ஒண்ணு ஏறினா தானும் ஒண்ணு ஏத்துற ரெகுலேட்டரைத் தனியா வெச்சு, டேங்குக்கு ரிட்டர்ன் இழுக்கணும். கார்புரேட்டர் காலத்து டேங்குல தடுப்புச் சுவர் இருக்காது. கால் டேங்க்ல ஆக்சிலரேட்டரை மிதிச்சா பெட்ரோல் பின்பக்கம் ஓடி பம்ப் காத்தை உறிஞ்சும். இன்ஜெக்ஷனுக்குன்னே தடுப்போட வர்ற செவெல் டேங்க் விக்கிறாங்க, அதை வாங்கிடுங்க.

91 ஆக்டேன்ல, 9.5 கம்ப்ரெஷன்ல, 10 பிஎஸ்ஐயை நான் எழுதித் தரமாட்டேன். 7–8 வரைக்கும் பம்ப் பெட்ரோல். அதுக்கு மேல போகணும்னா இ85 (எத்தனால் நிறைய கலந்த பெட்ரோல்). அதுக்கு மூணுல ஒரு பங்கு கூட எரிபொருள் வேணும்: இன்ஜெக்டர் 74, பம்ப் 310 லிட்டர். இதுக்குத்தான் 80 சொன்னேன். இ85-ன்னு பேர், பம்புல எத்தனால் 51-லேர்ந்து 83% வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம், அதனால எத்தனால் சென்சார் இல்லாம ஓட்டாதீங்க.

டியூனிங்: உங்க மேப் சென்சார் (இன்டேக் அழுத்தத்தை அளக்கிறது) ஒரு பார். 105 கிலோபாஸ்கலுக்கு மேல அதுக்குக் கண் தெரியாது. 8 பிஎஸ்ஐங்கிறது 156. ரெண்டு பார் சென்சாரும் அதுக்கேத்த மென்பொருளும் போட்டு, மாஸ் ஏர் சென்சாரை எடுத்துடுங்க. முழு மிதியில லாம்டா (காத்து-பெட்ரோல் கலவை அளவு) 0.78–0.80. இக்னிஷன் 10–12 டிகிரியில ஆரம்பிச்சு, நாக் (பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறது) வருதான்னு பார்த்துப் பார்த்து ஒரு டிகிரியா ஏத்துங்க. பிளக் ஒரு படி குளிர்ந்தது, இடைவெளி 0.028 அங்குலம். 0.040-ல விட்டா பூஸ்ட் பொறியை ஊதி அணைச்சுடும், நீங்க காயிலைச் சந்தேகப்பட்டு எட்டையும் மாத்திக்கிட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு. 2004-ல ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லை, எல்லாம் எலக்ட்ரிக். பெடலும், அதோட கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதே லாரியிலேர்ந்து வந்ததா பாருங்க. ஆண்டு மாறினா ஒண்ணோட ஒண்ணு பேசாது.

---

பின்_ஆக்சில்

4எல்60இ-யை வித்துடுங்க. 550-ல முதல்ல போறது 3–4 கிளட்ச், அடுத்தது சன் ஷெல். 4எல்80இ எடுங்க, அது டிஎச்400-லேர்ந்து வளர்ந்தது.

மாத்தும்போது இடிக்கிற இடங்கள்: 4எல்60இ-யோட குழிஞ்ச ஃபிளெக்ஸ்பிளேட் (கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கிற தட்டு) ஆகாது. தட்டையானது, கூடவே 0.4 அங்குல ஸ்பேசர், நீளமான போல்ட். கன்வெர்ட்டரை உள்ள தள்ளி உட்காரவெச்ச பிறகு ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் அதுக்கும் 1/8–3/16 அங்குலம் இடைவெளி இருக்கணும். இடைவெளியே இல்லாம போல்டால இழுத்து இறுக்கினா பம்ப் உடையும். 4எல்80இ-க்கு இன்புட் ஸ்பீடு சென்சார் தனியா உண்டு, உங்க ஒயரிங்ல அது இல்லை, சேர்க்கணும். கம்ப்யூட்டர்ல கியர்பாக்ஸ் பகுதியையும் 4எல்80இ-க்கு மாத்தி எழுதணும். புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு டிஎச்400-ஓட 32 பல் யோக், நீளம் வெட்டிக் குறைக்கணும். கிராஸ்மெம்பர் பின்னால நகரும். 1997-க்குப் பிந்தின பெட்டின்னா கூலர் பைப்ல ஒண்ணு பின்பக்கம் தள்ளி இருக்கும், பழைய பைப்பை வளைச்சு மாட்டப் பார்க்காதீங்க.

1970-ஓட 10 போல்ட் 8.2 அங்குலக் கிரௌன். அது 307-க்கானது. 12 போல்ட் ஆக்சில் போடுங்க, அதோட கிரௌன் 8.875 அங்குலம். டர்போ வண்டிக்கு 3.31 பக்கம் ரேஷியோ போதும், 4.10 எல்லாம் வேண்டாம்.

எல்லாத்துக்கும் முன்னாடி முன் டிஸ்க் பிரேக். கேள்வியில பிரேக்கைப் பத்தி எதுவுமே இல்லை. 550 குதிரையை நாலு டிரம்மால நிறுத்த முடியாது.

---

மாலிபு_70

பிரேக் பட்டியல்ல முதல் இடத்துக்கு வந்தாச்சு. டர்போ 66-தான், 8 பிஎஸ்ஐல ஆரம்பிக்கிறேன். லாரி ஆயில் பான் கிராஸ்மெம்பருக்குக் கீழ ரொம்பத் தொங்குது, அதனால செவெலுக்குப் பொருந்துற அலுமினிய பான் வாங்கியிருக்கேன். டர்போ முன்பக்கம், பயணி பக்கம். ஆயில் எங்கேர்ந்து எடுத்து எங்க விடுறது?

---

இரும்பு_பிளாக்

எடுக்கிறது: ஆயில் ஃபில்டருக்கு மேல ரெண்டு போல்ட் போட்ட சின்ன மூடி இருக்கும். அதுக்குப் பதிலா திருகு ஓட்டை போட்ட மூடி கிடைக்கும், அங்கேர்ந்து 4 நம்பர் (ஏஎன் அளவு) லைன். விடுறது 10 நம்பர், அதுக்குக் குறையக் கூடாது. டர்போவிலேர்ந்து வர்ற ஆயில் அழுத்தத்துல வரலை, நுரையா தானா வழிஞ்சு இறங்குது. வழியில ஒரு தொய்வு, ஒரு மேடு இருந்தா தேங்கி, சீலைத் தாண்டி வெள்ளைநீலப் புகையா வரும். டர்போ புதுசா இருந்தாலும் புகைக்கும். புகையைப் பார்த்து டர்போவைக் குறை சொல்றவங்கள்ல பாதிப் பேருக்குக் கோளாறு இந்தக் குழாய்தான். பானோட முன்பகுதியில, ஆயில் மட்டத்துக்கு மேல, பக்கவாட்டுல சேருங்க. அலுமினிய வார்ப்புங்கிறதால டிக் வெல்டிங். பானை இன்ஜின்ல ஏத்துறதுக்கு முன்னாடியே செஞ்சு, உள்ள விழுந்த துகளை ஒண்ணு விடாம கழுவிடுங்க.

பான் மாறினா ஆயில் உறிஞ்சுற குழாயும் மாறும். அதோட ஓ-ரிங்தான் இந்த இன்ஜின் மாத்துற வேலையில அதிக இன்ஜினைக் கொன்னது. பம்ப் பக்கம் ஒரே ஒரு போல்ட். அதை மட்டும் இறுக்கினா குழாய் ஒரு பக்கமா சாயும், ஓ-ரிங் மடிஞ்சு கிழியும். அப்புறம் பம்ப் ஆயிலோட காத்தையும் சேர்த்து இழுக்கும். ஆயில் தடவி, கையால நேராத் தள்ளி முழுசா உட்கார வெச்சுட்டு, பேஃபிள் பக்கத்து நட்டையும் இதையும் மாத்தி மாத்தி இறுக்குங்க.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி, பிளாக்கோட முன்னால டிரைவர் பக்கம் இருக்கிற 16 மி.மீ. கேலரி பிளக்கைக் கழட்டி, அழுத்தத் தெளிப்பானால ரெண்டு லிட்டர் ஆயில் ஏத்துங்க. பிளக்கை மூடி, எட்டு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துட்டு, மீட்டர்ல பிரஷர் வர்ற வரைக்கும் ஸ்டார்ட்டர் அடிங்க. டர்போவோட ஆயில் லைனை அப்ப கழட்டி ஒரு டப்பாவுக்குள்ள விட்டு, ஆயில் வருதான்னு கண்ணால பார்த்துட்டு மாட்டுங்க.

---

அளவுகோல்

ரெண்டு சின்ன விஷயம். பிசிவி வால்வ் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்கு விடுறது) பூஸ்ட்ல திரும்ப ஊதும், ஒருவழி வால்வ் போட்டு, ராக்கர் கவர் ரெண்டுலேர்ந்தும் தடிமனான ஹோஸை, ஆயில் ஆவியைப் பிடிக்கிற கேட்ச் கேனுக்கு இழுங்க. இல்லைன்னா பின் மெயின் சீல் வழியா ஆயில் தள்ளும்.

வைட்பேண்ட் சென்சார் (புகையைப் பார்த்துக் கலவையைச் சொல்றது) டர்போவுக்குப் பின்னாடி ஒன்றரை அடி தள்ளி, குழாயோட மேல் பாதியில. ரெண்டு பக்க மேனிஃபோல்டையும் இணைக்கிற கிராஸ்ஓவர் குழாய்ல ஒரு நெளிவு இணைப்பு கட்டாயம் வையுங்க. ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டின குழாய் சூட்டுல நீள இடமில்லாம வெல்டிங்ல வெடிக்கும். அங்க லீக் ஆனா டர்போ சோம்பும், மெதுவா ஓடும்போது வெளிக்காத்து உள்ள புகுந்து வைட்பேண்ட் பெட்ரோல் குறைவுன்னு பொய் சொல்லும். அதை நம்பி டியூனைத் தொடாதீங்க. முதல்ல சோப்புத் தண்ணி, வேக்வம் கிளீனரோட ஊதுற பக்கத்தை சைலன்சர்ல வெச்சுப் பாருங்க, குமிழி எங்க வருதுன்னு தெரிஞ்சுடும்.