69 வயசுல கிட்னி மாத்தலாமா, டயாலிசிஸே போதுமா?

கேள்வி:
எங்கப்பாவுக்கு 69 வயசு, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு, ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற அளவு) இப்போ 14க்கு வந்துடுச்சு. டயாலிசிஸ் ஆரம்பிக்கலாம், உடம்பு தாங்கும்னா டிரான்ஸ்பிளான்ட்டும் யோசிக்கலாம்னு டாக்டர் சொல்றார். அம்மாவுக்கு 63, நான்தான் குடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. அண்ணன் இந்த வயசுல ஆபரேஷன் எதுக்குங்கறான். அப்பா எதுவுமே பேசல, "என்னால அவ உடம்பும் கெடணுமா"ன்னு மட்டும் ஒரு தடவ கேட்டார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1:
வயசை மட்டும் காட்டி முடியாதுன்னு சொல்லக்கூடாதுன்னு 2020ல வந்த கேடிஐஜிஓங்கற சர்வதேச கிட்னி அமைப்போட வழிகாட்டுதல்லயே இருக்கு. பாக்க வேண்டியது இதயம், நடமாட்டம், பழைய கேன்சர் ஏதாவது இருக்கா, அப்புறம் அடிவயித்து ரத்தக்குழாய், ஏன்னா புது கிட்னியை அங்கதான் இணைப்பாங்க, ரொம்ப நாள் சுகர் இருக்கறவங்களுக்கு அந்தக் குழாய்ல கால்சியம் படிஞ்சு தைக்கவே கஷ்டமாயிடும். 1999ல வந்த அமெரிக்க ஆய்வுல, வெயிட்டிங் லிஸ்ட்லயே இருந்தவங்களோட ஒப்பிட்டா கிட்னி கிடைச்ச 60 தாண்டினவங்களுக்கும் ஆயுள் கூடியிருந்துச்சு. ஆனா ஆபரேஷன் முடிஞ்ச ஆரம்ப கட்டத்துல ஆபத்து டயாலிசிஸ்ல இருக்கறவங்களை விட அதிகம், அதைத் தாண்டினப்புறம்தான் லாபம். அந்தக் கட்டத்தை அப்பா உடம்பு தாண்டுமாங்கறதுதான் உங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி.

பதில் 2:
எங்கம்மாவுக்கு ஹார்ட் பம்பிங் கம்மி, அதனால டிரான்ஸ்பிளான்ட் வேண்டாம்னுட்டாங்க, மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ற ஹீமோ டயாலிசிஸ்தான். வாரம் மூணு நாள், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வீட்டுக்கு வந்ததும் அசந்து படுத்துடுவாங்க, மறுநாள்தான் பழைய ஆளா ஆவாங்க. தண்ணியை அளந்து குடிக்கறதுதான் அவங்களுக்குப் பெரிய கொடுமை. ஆனா அந்த நடுவுல கிடைக்கற நாள்ல பேரப்பசங்களோட நல்லாத்தான் இருக்காங்க, அதனால டயாலிசிஸ்னாலே வாழ்க்கை போச்சுன்னு நினைக்காதீங்க. வீட்லயே வயித்து வழியா பண்ற சிஏபிடியும் இருக்கு, அதையும் கேளுங்க. ரொம்ப வயசாகி இதயமும் மோசமா இருக்கறவங்க சிலர் டயாலிசிஸே வேண்டாம், மாத்திரையோட நிம்மதியா இருக்கேன்னு முடிவு பண்றாங்க, அதுவும் டாக்டர்கள் ஏத்துக்கற வழிதான். உங்கப்பா நிலைமை அது இல்லன்னு தோணுது.

பதில் 3:
டிரான்ஸ்பிளான்ட் வார்டுல வேலை பாக்கறேன். 63 வயசுங்கறதுக்காக உங்கம்மாவை யாரும் தள்ள மாட்டாங்க, ஆனா அவங்களுக்கு சுகர், பிரஷர், கிட்னி செயல்பாடு எல்லாம் முழுசா பாப்பாங்க, இதுல ஏதாவது சரியில்லன்னா வேண்டாம்னு சொல்லவும் வாய்ப்பு இருக்கு. அவங்களைத் தனியா உக்கார வெச்சு யாராவது வற்புறுத்தறாங்களான்னும் கேக்கணும், அதுல வீட்டுக்காரங்க குறுக்க நிக்காதீங்க. உயிரோட இருக்கறவங்க குடுக்கற கிட்னி பொதுவா சீக்கிரம் வேலை செய்யும், டயாலிசிஸுக்குப் போகாமலே மாத்தவும் வழி இருக்கு. மாத்தினப்புறம் புது கிட்னியை உடம்பு ஏத்துக்காம எதிர்க்கறதை (ரிஜெக்ஷன்) தடுக்க டாக்ரோலிமஸ், மைகோபினோலேட், ஸ்டீராய்டு எல்லாம் வேளை தவறாம போடணும், சுகர் ஏறும், இன்சுலின் கூடலாம். வயசானவங்ககிட்ட ரிஜெக்ஷனை விட இன்ஃபெக்ஷனுக்குத்தான் நாங்க அதிகம் பயப்படுவோம், அதனால தடுப்பூசியெல்லாம் முன்னாடியே முடிச்சுடுங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றிங்க. அப்பாவைத் தனியா கேட்டேன். அம்மாவுக்கு எல்லா டெஸ்ட்டும் நல்லா வந்தா சம்மதம், ஒண்ணு சரியில்லன்னாலும் டயாலிசிஸ்தான், யாரும் பேசக்கூடாதுன்னுட்டார். டெஸ்ட் முடியறதுக்குள்ள டயாலிசிஸ் தேவைப்பட்டா என்ன பண்றது?

பதில் 3:
அதுக்குத்தான் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட கையில ரத்தக்குழாய்களை இணைக்கற சின்ன ஆபரேஷன்) பத்தி இப்பவே சர்ஜன்கிட்ட பேசிடுங்க, அது தயாராக வாரக்கணக்கில, சிலருக்கு மாசக்கணக்கில ஆகும். இல்லன்னா அவசரத்துல கழுத்துல டியூப் போடுவாங்க, அதுல இன்ஃபெக்ஷன் சுலபமா வரும். ஃபிஸ்டுலா வழக்கமா அதிகம் பயன்படுத்தாத கையில வைப்பாங்க, அதனால அப்பா வலது கைக்காரர்னா இடது கையில ரத்தம் எடுக்கவோ டிரிப்ஸ் போடவோ விடாதீங்க.