மௌன நடையின்போது வெளியாள் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லலாமா?

மகிழம்பூ
23 ஜனவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். நான்கு நாளாக மனசில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சின்ன சத்சங்கம். வியாழக்கிழமைகளில் இந்திரா நகரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு மட்டும் விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரை. ஷ்மிட் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில் மணலில் இருபது நிமிடம் தியானம். அப்புறம் கரையோரமாகவே வடக்கே, ஊரூர் ஆல்காட் குப்பத்தைத் தாண்டி, அடையாறு கடலில் சேரும் இடம் வரை பேசாமல் நடப்போம். உடைந்த பாலம் தெரிகிற இடத்தில் மறுபடி உட்காருவோம். சுண்டல் தூக்கைத் திறக்கும்போதுதான் பேச்சு. வருடக்கணக்காக இதை நடத்தியவர் எங்கள் பெரியவர். முழங்கால் வலியால் மணலில் கால் வைக்க முடியவில்லை என்று தீபாவளிக்கு அப்புறம் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்.

இந்த நடை எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்த மூன்றாம் மாதம்தான் முதல் முறை வந்தேன். அதுவரை என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். இங்கே வந்தவர்கள் ஒன்றுமே சொல்லாமல் பக்கத்தில் நடந்தார்கள். அலை காலை நனைத்துவிட்டுப் போனது, முன்னால் போகிறவரின் காலடித் தடம், ஈரமணலில் வளைக்குள் ஓடி ஒளிந்த நண்டு, இவைதான் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். ஆறேகால் இருக்கும், அரை வெளிச்சம். குப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு பங்குனி ஆமை இறந்து ஒதுங்கியிருந்தது. கழுத்து வீங்கி, கண் பிதுங்கி. எல்லோரும் நின்றுவிட்டோம். ஒருவர் மெல்லிய குரலில் சிவபுராணம் சொல்ல ஆரம்பித்தார். இன்னொருவர் உதட்டில் விரல் வைத்து அவரை அடக்கினார். ஒரு தம்பி போனை எடுத்தான், அவன் கையை ஓர் அம்மா தட்டிவிட்டார். நடத்த வேண்டிய நான் மரம் மாதிரி நின்றேன்.

அதைத் தாண்டிப் படகுகள் பக்கம் வந்தபோது, அன்னக்கூடையுடன் நின்ற ஒரு மீன்கார அம்மா, "யாருக்கும்மா காரியம்?" என்று கேட்டார். வரிசையாக, பேசாமல், தலை குனிந்து கடலோரம் போகிறோம். அஸ்தி கரைக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாவது முறையும் கேட்டார். நானும் சொல்லவில்லை. கடந்து போனோம்.

அதற்கப்புறம் எனக்குத் தியானமே கூடவில்லை. மௌனம் என்பது இதுதானா? விதியை மீறிப் பதில் சொல்லியிருக்க வேண்டுமா? இப்படிப்பட்ட நடையை நடத்திப் பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.


நடைவண்டி
23 ஜனவரி 2025

அம்மா, வணக்கம். எனக்கு அறுபத்தேழு வயது. திருமுடிவாக்கம் விபாசனா தியான மையத்தில் மாணவனாகப் பத்து நாள் முகாம் இருந்திருக்கிறேன், சேவகராகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அங்கே மௌனம் மிகக் கண்டிப்பு. பக்கத்தில் இருப்பவரிடம் சைகை கூடச் செய்யக்கூடாது, கண்ணைப் பார்க்கக்கூடாது. ஆனால் மாணவருக்கு வயிற்றுவலி என்றால் சேவகரிடம் வாய்விட்டுச் சொல்லலாம். தியானத்தில் சந்தேகம் என்றால் ஆசிரியரிடம் கேட்கலாம். உள்ளே எழுபது பேர் பேசாமல் இருக்கிறார்கள் என்றால், அவர்களுக்காக வெளியே ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காய்கறிக்காரரிடம், சமையற்கட்டில், தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவரிடம். நான் சேவகராக இருந்த நாட்களில்தான் இது எனக்கே புரிந்தது.

ஆகவே நடத்துகிறவருக்கு மௌனம் கிடையாது. இதை நீங்கள் மனதார ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு காலையில் உங்கள் தியானத்தை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். எங்கள் நடையில் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இரண்டு பேருக்கு வாய் உண்டு. காவலர் கேட்டாலும், வழிப்போக்கர் கேட்டாலும், நாய் துரத்தினாலும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மாதாமாதம் ஆட்களை மாற்றுவோம், இல்லையென்றால் அந்த இரண்டு பேருக்கு மௌனமே கிடைக்காமல் போய்விடும்.

நான் நடத்தும்போது பாதி வேலை கிளம்புவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். எவ்வளவு தூரம், எங்கே நிற்போம், கால் வலித்தால் யாரிடம் போய் நிற்பது, போனை எந்தப் பையில் போடுவது, இறந்த உயிர் எதையாவது பார்த்தால் என்ன செய்வோம், எல்லாம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவேன். பேசவேண்டிய தேவை வருகிற இடங்களை எல்லாம் முன்கூட்டியே யோசித்து அடைத்துவிட்டால் மௌனம் தானாக நிற்கும். அன்றைக்கு அந்தத் தம்பி போனை எடுத்ததோ, மற்றவர் பாடியதோ தப்பு இல்லை. என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் பெரியவருக்குப் பழக்கத்தில் வந்திருக்கும், அவர் ஒரு பார்வையிலேயே முடித்திருப்பார். புதிதாகப் பொறுப்பு எடுத்தவர் வாய்விட்டுச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று. 1902-இல் ரெவின்யூ துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. ஆனால் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஒவ்வொரு கேள்விக்கும் எழுதிக்காட்டிப் பதில் சொன்னார். மீன்கார அம்மா கேட்டதும் ஒரு கேள்விதான். போய்ப் பாருங்கள் அவரை.


தனிவழி
24 ஜனவரி 2025

நான் மாறுபடுகிறேன். மௌனம் என்று எடுத்துக்கொண்டால் அது முழுசாக இருக்க வேண்டும். ஒருவருக்குப் பதில் சொன்னால் அடுத்து டீ விற்பவர், அடுத்து காலை நடைக்கு வந்த தெரிந்தவர் என்று போகும். குறை மௌனத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது. ஆள் நடமாட்டம் உள்ள கரையை ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

அடையாறிலேயே பிரம்மஞான சபைத் (தியாசபிகல் சொசைட்டி) தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 260 ஏக்கர். 1882-இல் சபை அங்கே வந்தது. ஒரே வளாகத்தில் கோயில், புத்தர் சன்னிதி, தேவாலயம், மசூதி எல்லாம் உண்டு. அந்தப் பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்துவிட்டது, ஆனால் விழுதுகள் ஊன்றி மரம் அப்படியே இருக்கிறது. நடுவில் வெறுமையும் சுற்றிலும் மரமுமாக. அதன் பக்கத்தில் நின்றால் யாரும் அடக்கச் சொல்லாமலே குரல் தணியும். உள்ளே விடும் நேரம், கூட்டமாக வரலாமா என்பதை வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். ஐப்பசி மாதத்தில் அடர்ந்த மரங்கள் உள்ள இடங்களில் ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில் கேட்கும், விடியும்போது ஒருமுறை, பொழுது சாயும்போது ஒருமுறை. அதைக் கேட்பதற்காகவே நான் பேசாமல் நடக்கப் பழகினேன்.


ஊரூர்க்காரன்
24 ஜனவரி 2025

அக்கா, நான் அந்தக் குப்பத்தில் பிறந்தவன். இப்போது வேலைக்காகத் துரைப்பாக்கத்தில் இருக்கிறேன், அம்மா இன்னும் அங்கேதான்.

நீங்கள் நடக்கிற நேரம் எங்களுக்கு வேலை நேரம். ஃபைபர் படகு கரை ஏறும், வலையை உதறி மீன் பிரிப்பார்கள், பெண்கள் ஏலத்துக்குக் காத்திருப்பார்கள். பரப்பியிருக்கும் வலைமேல் கால் வைக்காமல், படகுக்கும் தண்ணீருக்கும் நடுவில் குறுக்கே போகாமல் நடந்தால் அதுவே பெரிய மரியாதை. பின்பக்கமாகச் சுற்றிப் போக வழி இருக்கிறது.

அந்த அம்மா ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று எனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், காலையில் கரையில் கூட்டமாக யாராவது பேசாமல் நின்றால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அடிவயிறு கலங்கும். இருபது வருடம் ஆகியும் அப்படித்தான். வம்புக்குக் கேட்கவில்லை அக்கா. பயந்து கேட்டிருப்பார்.

ஆமை பற்றி: இந்த ஜனவரியில் நம் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியிருக்கின்றன. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான், மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டி நேரம் போனால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அடுத்த முறை பார்த்தால் கையால் தொடாதீர்கள், வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 1988-லிருந்து மாணவர்கள் இந்தக் கரையில் ராத்திரி ராத்திரியாக நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றுகிறார்கள், அவர்களிடமும் சொல்லலாம். பாட்டுப் பாடியதில் தப்பில்லை. எங்கள் பாட்டியும் செத்த ஆமையைப் பார்த்தால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்.


மகிழம்பூ
18 பிப்ரவரி 2025

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை என்று திரும்ப வந்தேன்.

தனிவழி சொன்ன தோட்டத்துக்குப் போனேன், அந்த ஆலமரத்தடியில் அரை மணி நேரம் இருந்தேன். நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. ஆனாலும் கடற்கரையை விட எனக்கு மனம் வரவில்லை. ஆட்கள் வாழ்கிற இடத்தின் வழியாகப் போவதால்தான் இந்த நடை எனக்குப் பிடிக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை தனியாகக் குப்பத்துக்குப் போய் அந்த அம்மாவைத் தேடிப் பிடித்தேன். நெத்திலி பிரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "கோவமெல்லாம் இல்லம்மா. யாரோ பெரியவங்க போயிட்டாங்கன்னு நெனச்சு கை கூப்பிக்கிட்டு நின்னேன். நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க" என்றார். தலை குனிந்து நடந்ததில், அவர் கை கூப்பி நின்றதை எங்களில் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு குவளையில் டீ வாங்கிக் கொடுத்தார்.

நேற்று முன்தினம் நடை. பதினான்கு பேர். கிளம்பும் முன் ஐந்து நிமிடம் எல்லாம் சொன்னேன்: நானும் கடைசியில் வரும் தம்பியும் பேசுவோம், மற்றவர்கள் எதிரில் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்துக் கை கூப்ப வேண்டும். படகுகளுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போனோம். அந்த அம்மா தூரத்திலிருந்தே, "இன்னிக்கு யாருக்கும் ஒண்ணுமில்லையே?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லக்கா, தியானம்தான்" என்றேன். பின்னால் பதிமூன்று பேரும் கை கூப்பினார்கள். முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது, பவளக்கால் உள்ளான் பறவைகள் இருபதுக்கு மேல் இருக்கும். யாரும் விரல் நீட்டவில்லை, எல்லோரும் பார்த்தோம். பெரியவரிடம் போனில் சொன்னேன். இரண்டு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த அம்மாவுக்குச் சுண்டல் கொடுத்தீர்களா என்று கேட்டார். கொடுக்கவில்லை.

அடுத்த நடை மார்ச் 16. பங்குனியில் சீக்கிரம் விடிந்துவிடும் என்பதால் ஐந்தரைக்கே கூடுகிறோம். இந்த முறை இரண்டு தூக்கு.